கேட்டுவிட்டுக் காப்பாற்று

"காப்பாத்தலாமான்னு அவர்கிட்ட முதல்ல கேட்டியா?"

லீனெகேவுக்கு மூச்சு இரைத்தது. "கேட்டுட்டு இருந்தா அதுக்குள்ள போய்ச் சேர்ந்திருப்பார் சார்!"

"கேட்கணும்மா. விதி." தேர்வாளர் கோவெர்ட் ஒரு தப்புக் குறி போட்டார்.

ஸீலந்துக் கடலணையின் படிக்கட்டில் அன்று ஸ்கூபா மீட்புப் பரீட்சை. தத்தளிப்பதுபோல நடிக்க, சான்றிதழ் அட்டை தரும் சங்கமே வெளியூர் ஆள் ஒருவரை அனுப்பும். யார் வருவார் என்று தேர்வாளருக்குக்கூடச் சொல்லாது. அவ்வளவு நேர்மையான சங்கம்.

லீனெகே ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். அட்டை கிடைத்தால் போனேர் தீவில் வெயிலும் முக்குளிப்பு வேலையும். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் சிப்பித் தொழிற்சாலைதான்.

"மாஸ்க்கைப் பிடுங்கினார், கழுத்தைப் பிடிச்சு அமுக்கினார். அப்படியும் கரைக்கு இழுத்துட்டு வந்தேனே சார்?"

"இழுத்த, சரி. எந்தக் கையால? இடது கை! கையேட்டுல வலது கைன்னு போட்டிருக்கு." இன்னொரு தப்புக் குறி.

படியில் குப்புறக் கிடந்தவர் உப்புத் தண்ணீரைக் கக்கி, விடாமல் இருமினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"போதும் ஐயா, பரீட்சை முடிஞ்சது" என்றார் கோவெர்ட். "சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் ஓவர் நடிப்பு. நிஜமா மூழ்கறவன் இப்படியா இருமுவான்?"

ஒரு கோப்பை காபி ஊற்றி, ஒரே ஒரு பிஸ்கட்டை அவர் பக்கத்தில் வைத்து, டப்பாவை மூடினார்.

அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. காபியைத் தொடாமல் லீனெகேயின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"ஃபெயில்" என்றார் கோவெர்ட்.

லீனெகேவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிப்பி வாடை இப்போதே மூக்கில் அடித்தது.

அணைமேல் ஒரு கார் வந்து நின்றது. முக்குளிக்கும் உடையைப் பாதி மாட்டியபடி ஒருவர் இறங்கி ஓடிவந்தார்.

"மன்னிச்சிருங்க! படகு போகப் பாலத்தைத் தூக்கிட்டாங்க, மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு மூழ்க வேண்டிய ஆள் நான்தான்!"

கோவெர்ட் அவரைப் பார்த்தார். இருமுகிறவரைப் பார்த்தார். கோவெர்ட்டின் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை! அப்போ இவரைக் காப்பாத்தினது பரீட்சையில சேராது. இறங்கும்மா, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."