வடிவின் பாவாடை

வடிவு பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கோமதி அவளுக்கு அரக்குப் பட்டில் பாவாடை எடுத்தாள். வளர வளரப் பிரித்துவிடலாம் என்று டெய்லர் அடுக்கடுக்காக மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மடிப்பு பிரியும். வெளுக்காத பட்டு ஒரு பட்டையாக வெளியே வரும். பிள்ளை வளர்ந்த கணக்கெல்லாம் அந்தப் பட்டைகளில்தான் இருந்தது. முதல் பட்டையில் சைக்கிள் பழகியபோது ஒட்டிய செயின் கறுப்பு. அடுத்ததில் பல் விழுந்த அன்று வாயைத் துடைத்த ரத்தப் பொட்டு. மூன்றாவதைப் பிரிக்குமுன் வடிவு காய்ச்சலில் போய்விட்டாள்.

கோமதி நிறுத்தவில்லை. தீபாவளிதோறும் ஒரு மடிப்பைப் பிரித்து, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அவள் புருஷன் சங்கரபாண்டியன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான்.

"ஏட்டி, இன்னும் எதுக்கு அதைப் பிரிச்சுக்கிட்டு இருக்க?"

"பிரிக்காம விட்டா பிள்ளைக்குக் குட்டையாப் போயிருமுல்லா."

இந்த வருஷம் கடைசி மடிப்பும் பிரிந்தது. இதோடு ஒழியட்டும் என்று மறுநாள் அவன் பாவாடையைப் பீரோவில் வைத்துப் பூட்ட எடுத்தான். எடுத்தவன் முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தான். மூன்றாவது பட்டையில் பேனா மை தெறித்திருந்தது. அதற்கடுத்ததில் மருதாணி விரல் பதிந்திருந்தது. நேற்றுப் பிரித்த பட்டை முழுக்க மஞ்சள் தண்ணீர், இன்னும் ஈரம் காயவில்லை.

பாவாடையைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"ஒங்க அண்ணனுக்குச் சொல்லிட்டியாட்டி? தாவணி அவருல்லா எடுக்கணும்."