தாங்கிக்கொள்ளக் கூடாத வலி

ஏழு மாதக் கர்ப்பிணி செண்பகவல்லி, சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், கீழே கடையும் மேலே குடித்தனங்களுமாக இருந்த கடைவீட்டின் மாடிப்படியில் தண்ணீர் வாளியோடு நின்றுவிட்டாள். இடுப்பெலும்பு பிளப்பதுபோல் வலித்தது.

பக்கத்து அறைக்குப் புதிதாகக் குடிவந்த அன்னபூரணி எட்டிப் பார்த்தாள். அவளும் கர்ப்பிணி.

"வாளியைக் கீழ வைங்க அக்கா! எனக்கும் இதே வலிதான். ஆஸ்பத்திரியில பிசியோதெரபி செஞ்சு, இப்ப எவ்வளவோ தேவலை."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும், தாங்கிக்கோன்னுட்டார்."

"தாங்கவே கூடாதாம் லா! எங்களுக்குப் பயிற்சி சொல்லித் தர்ற சார் சொன்னாரு. முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சு ஒருக்களிச்சுப் படுக்கணுமாம். பாரம் தூக்கக் கூடாதாம். 'தண்ணியை நீங்க தூக்குங்க'ன்னு என் புருஷனைக் கூப்பிட்டே கண்டிச்சாரு. தங்கமான மனுஷன்!"

"அவர் பெண்டாட்டி கொடுத்துவெச்சவ," என்று பெருமூச்சு விட்டாள் செண்பகவல்லி.

அப்போது வேலை முடிந்து படியேறி வந்தார் அவள் கணவர் மாசிலாமணி. மேலே நின்ற அன்னபூரணியை அவர் கவனிக்கவில்லை.

"இன்னுமா தண்ணி தூக்கி முடியல?" என்று மனைவியை அதட்டினார்.

"சார், நீங்களா!" என்றாள் அன்னபூரணி வியப்போடு. "அக்கா, நான் சொன்ன சார் இவர்தான்!"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்று அன்னபூரணியிடம் கேட்டார்.

அவ்வளவு கனிவான குரல் தன் கணவருக்கு இருப்பதைச் செண்பகவல்லி அன்றுதான் அறிந்தாள்.