பூஜ்யத்துக்குக் கீழே

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலே கேட்காத விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. சரிசெய்ய மெக்கானிக் வந்தபோது என் கணவர் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார்.

"நானூறு வைரஸுக்கு மேல இருக்கு அக்கா. இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் குப்பை கொட்டினீங்க?"

அழிக்கும் பொத்தானை அழுத்தினார். திரையில் எண் மடமடவென இறங்கிப் பூஜ்யமானது. அங்கே நிற்கவில்லை. மைனஸ் ஒன்று என்றது.

நிமிர்ந்தேன். சுவரில் கடிகாரம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

மைனஸ் இரண்டு. வாசலில் கணவரின் செருப்பைக் காணோம்.

மைனஸ் மூன்று. பாட்டு நின்றது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது.

"அழிச்சதையெல்லாம் திருப்பி வைங்க தம்பி."

"வைரஸும் சேர்ந்து வந்துடும் அக்கா. அப்புறம் நான் பொறுப்பில்ல."

"வரட்டும். என் வீட்டுல எது இருக்கணும், எது போகணும்னு முடிவு பண்ண இந்தக் கம்ப்யூட்டர் யாரு? வர்றதை நான் மேய்ச்சுக்கிறேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மீட்கும் பொத்தானை நானே அழுத்தினேன்.

எண் ஏறியது. கடிகாரம் வந்தது, செருப்பு வந்தது. கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, "தண்ணி ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?" என்றார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அதே குரல், அதே பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் இன்னொரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரா இருந்தாலும் சரி, தண்ணியை வீணாக்காம வெளிய வா."