ஊசி இறங்கும் நேரத்தில் ஒரு பேய்க்கதை

தேனி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில் சன்னல் வெயில் பாதிக் கட்டில்வரை ஏறியிருக்கிறது. இன்றுதான் முதல் தடவையாக ஈஸ்வரபாண்டி இயந்திரத்துக்குக் கை நீட்டியிருக்கிறார். பேய்க்கதை என்றால் அவருக்கு உயிர். அதனால் மனைவி ஹேமாவதி, ஏதோ சிறு பதிப்பகம் போட்ட விநோதத் திகில் கதைத் தொகுப்பை மடியில் விரித்து வாசிக்கிறாள். கதையில் ஒருத்தி வாளியை இறக்கும்போதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து அவளுடைய குரலே அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறது. நர்ஸ் பஞ்சால் தோலைத் துடைக்கிறாள். தடித்த ஊசியைக் கண்டதும் ஹேமாவதிக்கு எழுத்துகள் கலங்குகின்றன, வாசிப்பு பாதியில் நின்றுபோகிறது. ஊசி இறங்கி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்குகிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஏ புள்ள, இங்கன வந்தா நிறுத்துவ? அவ கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தாளா இல்லயா?" என்று பதறுகிறார். குழாயைப் பிடித்தபடியே நர்ஸும் குனிகிறாள். "சொல்லுங்கக்கா, பாத்தாளா?"