பன்னிரண்டாம் கட்டிலின் கேள்வி

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பன்னிரண்டாம் கட்டிலின் போர்வைமேல் விரித்திருக்கிறது. வார்டெங்கும் டிங்ச்சர் வாடை. வெளியே லஸ் பக்கம் போகும் பஸ்ஸின் ஹார்ன். நர்சுகள் நோயாளிகளோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய வந்திருக்கும் சண்முகவடிவு, அட்டையும் பென்சிலுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா சாகக் கிடந்தபோது ஒரு நர்சும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் எம்.ஏ.வுக்கு இந்தத் தலைப்பைப் பிடிவாதமாக வாங்கினாள். "சிஸ்டர், நாளைக்கு என் காலை எடுத்துடுவாங்களாமே, மெய்யாலுமா?" என்று கட்டிலிலிருந்து கிழவி ஹமீதுன்னிசா கேட்கிறாள். ஊசித் தட்டோடு போகும் நர்ஸ் எஸ்தர் திரும்பாமலே போகிறாள். அட்டையில் செருகிய படிவத்தில் 'பதில் இல்லை' என்ற கட்டத்தில் சண்முகவடிவு அழுத்தி ஒரு கோடு போடுகிறாள். "நீயாவது சொல்லேன் கண்ணு. படிச்ச பொண்ணா கீறே." கேஸ் ஷீட்டைக் காலையிலேயே படித்துவிட்டவள்தான் சண்முகவடிவு. ஆனால் பார்க்கலாம், பேசக்கூடாது என்பது பேராசிரியர் போட்ட விதி. அவள் பென்சில் முனையையே பார்க்கிறாள். கிழவியின் கை அவளை நோக்கி நீள்கிறது. தட்டை வைத்துவிட்டு விரைந்து வரும் எஸ்தர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஆமாம்மா. முட்டிக்குக் கீழே எடுக்கணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. நான் கூடவே இருப்பேன்." ஹமீதுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்தி அழுகிறாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூல் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்துகிறாள். "பாவம், இந்தப் பொண்ணு ஊமையா சிஸ்டர்?" "இல்லம்மா. நாம எப்படிப் பேசிக்கறோம்னு பாக்க வந்திருக்காங்க." தலை நிமிராத சண்முகவடிவுக்குக் காது மடல்கள் சுடுகின்றன. "அடக் கொடுமையே, அதுக்கு வாயை மூடிக்கினா குந்திருக்கணும்?"