கறுப்புக் கவசப் படை

வாள்களை மழுங்கடித்தாள். கவசங்களை மெலியவைத்தாள். குதிரைகளின் கால்களிலிருந்து ஓட்டத்தையே உறிஞ்சி எடுத்தாள். அப்படியும் கறுப்புக் காவற்படை தோற்க மறுத்தது.

"செத்தாலும் ஜெயிப்பானுங்க போலக்கா," என்றான் நெட்டை. பக்கத்து மேசையில் அந்தப் படைக்குப் படம் வரைந்து கொடுத்தவன் அவன்தான்.

அவள் சிரிக்கவில்லை. அரசர் காலத்துப் போர்களைக் கணினி விளையாட்டாக்கி விற்கும் நிறுவனம் அது. படைகளின் பலத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்வது அவள் பணி. நூறு காவலர் ஆயிரம் குடியானவரை அடித்து விரட்டும் ஆட்டத்தை எவர் மறுமுறை ஆடுவார்? ஆடியவர்களெல்லாம் காறித் துப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா உன் டீம் நாலு பேரும் என் ரூமுக்கு வாங்க," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மேலாளர். அந்த அறையைப் பற்றி அனைவரும் அறிவர். உள்ளே போனவர்கள் தம் கையாலேயே ராஜினாமா எழுதி நீட்டிவிட்டு, தலை கவிழ்ந்து வெளியே வந்தார்கள்.

வெயில் சாயும் வேளையில், வேறு வழியின்றி, காவலரின் பலத்தைப் பூச்சியமாக்கினாள். இனி அந்த வாள்கள் வெண்ணெயைக்கூட வெட்டா. ஆட்டத்தை ஓட்டினாள்.

வென்றது காவற்படையே!

"மேல இருந்து எவனோ நம்பரை மாத்துறான்க்கா. நமக்குக் குழி வெட்டுறாங்க." நெட்டை தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

அவள் அதே போரை மெல்ல ஓட்டிப் பார்த்தாள். களத்தில் ஒரு பிணம் இல்லை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கறுப்புக் கவசம் கண்ணில் பட்ட கணமே ஆயிரம் பேரும் ஈட்டிகளை வீசியெறிந்துவிட்டு ஓடினார்கள்.

"யாரும் மாத்தலடா. அடியே விழல. பார்த்ததுமே ஓடுறாங்க."

"ஓடாம நின்னிருந்தா?"

அவள் வாய் திறப்பதற்குள் கூடத்தில் விசைப்பலகைகளின் ஓசை ஒருசேர அடங்கியது. வாசலில் மேலாளர்.

"என்ன, முடிஞ்சுதா? இல்லல்ல? வாங்க நாலு பேரும்."

அறை மேசையில் நான்கு வெள்ளைத் தாள்களும் ஒரு பேனாவும் ஏற்கெனவே காத்திருந்தன. கதவு சாத்தப்பட்டது.

"நானா அனுப்பினா அசிங்கம். கௌரவமா நீங்களே எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

குழுவின் மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். நெட்டை பேனாவை எடுத்தான். அவள் அதை அவன் விரல்களிலிருந்து உருவி, மூடிபோட்டு, மேசைமேல் வைத்தாள்.

"நாங்க எழுத மாட்டோம் சார். நீங்களே அனுப்பிடுங்க."

"என்ன சொன்ன?"

"அனுப்புங்க சார். இங்கயேதான் நிக்கிறோம்."

மேலாளரின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கூடமே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். திரும்பியபோது அவர் குரல் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அதுக்கு எனக்கு அதிகாரமே இல்லம்மா."