கருத்துப் பக்கத்தில் ஒருத்தன்

"அவன் மட்டும் என் கையில சிக்கட்டும், வெரலை ஒடிச்சுப்புடுறேன்!"

ராயப்பராஜ் மேசையில் ஓங்கி அடித்ததில் மவுஸ் கீழே விழுந்து வயரில் தொங்கியது. பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருடைய ஸ்டீல் பீரோக்களுக்குத் திண்டுக்கல்லில் நல்ல பெயர். வெளியூர் வியாபாரமும் பிடிக்க வேண்டும் என்று 2004-ல் ஒரு வெப்சைட் போட்டார். பார்க்க வருகிறவர்கள் கருத்து எழுதலாம், கடைக்காரர் உடனுக்குடன் பதில் எழுதலாம் என்று அதில் ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தான், வெப்சைட் செய்த ஆனந்த்ராஜ்.

அங்கேதான் வந்து உட்கார்ந்தான் 'உண்மைவிளம்பி'. சொந்தப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. மதியமானால் போதும், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வம்புக்கு இழுப்பான். ராயப்பராஜும் விடாமல் பதில் எழுதுவார்.

எதிர்ப் பட்டறை பாஸ்கல்தான் இப்படிச் செய்கிறான் என்று போன வாரம் ராயப்பராஜ் அவன் சட்டையையே பிடித்துவிட்டார். "மாதா மேல சத்தியமா, எனக்கு அந்தப் பெட்டிய எப்பிடித் தொறக்குறதுன்னே தெரியாதுண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னான் பாஸ்கல்.

நேற்று வந்திருந்ததை ஆனந்த்ராஜ் தயங்கித் தயங்கி வாசித்தான்.

"பளபளப்பெல்லாம் வெளியாளுங்களுக்குத்தான். வீட்டுக்குள்ள வந்துட்டா, எம்புட்டுத் தட்டினாலும் கதவு தொறக்காது."

"என் பீரோக் கதவு தொறக்காதாம்ல! இத்தன வருசத்துல யாராச்சும் அப்பிடிச் சொல்லியிருக்கானா?"

"விடுங்கண்ணே. ஒங்க ரெண்டு பேரு சண்டையப் பாக்கத்தான் சனம் வருது. நம்ம வெப்சைட்டுக்கு இம்புட்டுக் கூட்டம் வந்ததே இல்ல."

"கூட்டம் வந்து? தேனி டீலரு போன் போட்டு, கதவு தொறக்காதாமேன்னு சிரிக்கிறாரு. ஆர்டரையும் நிறுத்திப்புட்டாரு!"

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி செபாஸ்தியம்மாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றாள்.

"சூடா இருக்கு, சாப்டுருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

வைத்துவிட்டுப் போ என்று ராயப்பராஜ் கையை மட்டும் அசைத்தார். கண் கம்ப்யூட்டரைவிட்டு நகரவில்லை. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். தகரம் சுமந்து தோள் காய்த்ததை எழுதினார். கடன் வாங்கிப் பட்டறை போட்டதை, முதல் பீரோவை விற்ற அன்று தூக்கம் வராமல் புரண்டதை எழுதினார். ஆத்திரத்தில் எதையும் விடவில்லை. கடைசியில், 'ஆம்பளையா இருந்தா நேர்ல வாடா' என்று முடித்து அனுப்பினார்.

கேரியர் திறக்காமலே ஆறியது. பதில் வந்தது.

"நான் எதுக்கு வரணும்? நீங்க வாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பிரவுசிங் சென்டர். கடைசிக் கேபின்."

ராயப்பராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கை உதைத்தார். "அடிதடி வேணாம்ணே" என்று கெஞ்சிக்கொண்டே ஆனந்த்ராஜ் பின்னால் தொற்றிக்கொண்டான். பட்டறை இருந்த ஆர்.எம். காலனியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே நுழைந்தவர் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகக் கடைசிக் கேபினுக்குப் போய்ப் பலகைக் கதவை எட்டி உதைத்தார்.

செபாஸ்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் சற்றுமுன் எழுதிய நீண்ட பதில் அவளுக்கு எதிரே ஸ்கிரீனில் இருந்தது. அவள் திடுக்கிடவில்லை.

ராயப்பராஜ் கேபின் அதிரக் கத்தினார். "நீயா? கட்டுன புருசன் தொழில ஊரு சிரிக்க வச்சிட்டியேடி! வீட்டுல ஒனக்கு என்ன கொற வச்சேன்? சொல்லு, என்ன கொற வச்சேன்?"

மற்ற கேபின்களில் இருந்தவர்கள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்கள்.

செபாஸ்தியம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள் குரல் அவர் குரலைவிட உயர்ந்தது.

"இதுலயாச்சும் எனக்குப் பதில் சொல்றீங்கள்ல!"